சிரிக்கக் கூடாது

கொங்கார்னோ துறைமுகத்துக் கல்மேடையில் அசெனோர், புயலில் போன கணவனுக்காகக் காத்து நிற்பவளாக நிற்கிறாள். பாரிஸிலிருந்து வந்த ஓவியர் தெலோர்ம் அவளை அப்படித்தான் நிறுத்தியிருக்கிறார். கஞ்சி போட்ட வெள்ளைத் தலைக்குல்லாயும் கட்டைச் செருப்பும் எண்ணெய் வண்ணத்தில் அச்சு அசலாக வந்துவிட்டன. முகத்துத் துயரம்தான் பாக்கி. இந்தப் பருவத்தில் இன்னும் மத்தி கண்ணில் படவில்லை, பெண்களை வேலைக்கு அழைக்கும் மீன் ஆலையின் மணியும் அடிக்கவில்லை. அதனால் துயரத்துக்குப் பஞ்சமில்லை. ஆனால் இப்போது அவள் பார்த்துக்கொண்டிருக்கும் முனையைச் சுற்றி ஒரு படகின் பழுப்புப் பாய் திரும்புகிறது. அதில் வெயில் பட்டு மின்னும் ஒட்டு அவள் கையால் தைத்தது. படகு மீன் பாரத்தில் விளிம்புவரை அமிழ்ந்து, நிறைமாதக்காரி போல அசைந்து வருகிறது; மேலே கடற்காகங்கள் கத்தித் தீர்க்கின்றன. அவள் உதட்டில் சிரிப்பு துடிக்கிறது. “சிரிக்காதீங்கம்மா! புருஷன் இனிமே வரமாட்டான்னு நெனச்சுக்கங்க!” என்கிறார் தெலோர்ம். “மொதல்ல வாயைக் கழுவுங்கய்யா!” அதற்குள் ஆலை மணி கணகணக்கிறது. தெருவெல்லாம் கட்டைச் செருப்புகள் தடதடக்க, பெண்கள் ஆலையை நோக்கிப் பாய்கிறார்கள். “அண்ணி, என்ன பொம்மையாட்டம் நிக்கறே? ஓடி வா!” என்று கூவிக்கொண்டே போகிறாள் நாத்தனார் கத்தெல். வண்ணங்களைப் போட்டுவைக்க ஓவியர் இரவல் வாங்கியிருந்த தன் மீன்கூடையை அசெனோர் வெடுக்கென்று கவிழ்க்கிறாள். வண்ண டியூப்கள் கல்லில் உருண்டோடுகின்றன. “ஐயோ, முகம் இன்னும் முடியலையே!” பாவாடையைத் தூக்கிச் செருகியபடி, திரும்பிப் பாராமல், அவள் கத்துகிறாள்: “படத்துல இருக்கறவ காத்துக்கிட்டு நிக்கட்டும்யா, எம் புருஷன் வந்துட்டாரு!”