முழு வரி

ஊரின் அடுத்த பத்து வருடத்துக்கு அன்றைய விலை, முழு வரிக்குப் பத்துப் புளியங்கொட்டை. அரை வரிக்கு ஐந்து.

விலை சொன்னவர் பக்கிரிசாமி. ஊர்ப் பஞ்சாயத்தின் கணக்கர். நோட்டும் அவர் மடியில், கொட்டை மூட்டையும் அவர் பக்கத்தில்.

புயலில் போனவற்றில் எதை முதலில் கட்டுவது என்று ஊரே சொல்ல வேண்டுமாம். நகரத்திலிருந்து வந்த திட்ட அதிகாரி சமுதாயக் கூடத்துத் தரையில் ஆறு படங்களை விரித்திருந்தார். வேண்டியதன் மேல் கொட்டையை வைக்கலாம். பிரித்தும் வைக்கலாம். அதிகம் சேரும் மூன்றுக்கு மட்டும் பணம்.

யாருக்கு எத்தனை கொட்டை என்பது அதிகாரிக்குத் தெரியவில்லை. ஊரின் வரி நோட்டைக் கேட்டார். கொடுத்தார்கள்.

அங்கேதான் வந்தது வினை.

ஆண் இருக்கிற வீடு முழு வரி. புருஷன் செத்த வீடு அரை வரி. சலுகை என்று நினைத்து யாரோ எப்போதோ வைத்தது.

அவள் முழு வரிக்காரர்களின் வரிசையில் நின்றாள். முன்னாலும் ஆண்கள், பின்னாலும் ஆண்கள்.

சுவரோரம் ஒரு பாய். அரை வரிக்காரிகள் அதில் உட்கார்ந்திருந்தார்கள். நாகவல்லி கொஞ்சம் நகர்ந்து ஓர் ஆள் அளவுக்கு இடம் விட்டிருந்தாள்.

யாரும் கூப்பிடவில்லை. இடம் மட்டும் இருந்தது.

புயலில் சிக்கியது மூன்று பேர் போன படகு. நாகவல்லியின் புருஷனைக் கடல் மூன்றாம் நாள் கொண்டுவந்து போட்டது. இன்னொருவனை ஐந்தாம் நாள்.

இவள் புருஷனை இன்னும் தரவில்லை.

பதினோரு மாதம்.

பக்கிரிசாமியின் விரல் நோட்டில் காத்தலிங்கம் என்ற அவள் புருஷன் பெயரில் வந்து நின்றது. அவள் பெயர் அந்த நோட்டில் ஏற வேண்டுமானால் அந்தப் பெயர் இறங்க வேண்டும்.

பத்து எண்ணினார். ஐந்தை அவள் பக்கம் தள்ளினார். மீதி ஐந்தின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டார்.

இரக்கம்தான். ஆனால் அவள் மீன் கூடையோடு நாலு தெரு சுற்றுகிறவள். இரக்கப்பட்ட முகத்தோடு எடையைக் குறைக்கிறவர்களை நிறையப் பார்த்தவள்.

"மாசாமாசம் எங்கிட்ட வாங்குற வரி முழுசு. கொட்டை மட்டும் எப்புடி மாமா பாதியாவும்?"

வரிசையில் ஒருவன் சிரித்தான். வேறு யாரும் சிரிக்காததால் அதை இருமலாக மாற்றிக்கொண்டான்.

கை நகர்ந்தது.

பத்து.

நாலாவது படம் விளக்கு. கரையில் உயரமாக ஒரு கம்பம், உச்சியில் வெளிச்சம். வரைந்தவருக்குக் கை வரவில்லை. குடை பிடித்த கொக்கு மாதிரி இருந்தது.

புயலில் முதலில் சாய்ந்தது பழைய கம்பம்தான். அன்று முதல் கரை இருட்டு. வருகிறவனுக்கு வழி எப்படித் தெரியும்?

ஐந்தைக் கொக்கின் மேல் வைத்தாள்.

மீதி ஐந்து கைக்குள் சூடேறியது.

அவை அவனுடையவை.

ஒருமுறை அவன் பிடித்துவந்த கொடுவாய் மீனை அவனைக் கேட்காமல் விற்றுவிட்டாள். நல்ல விலைதான். இரண்டு நாள் அவன் பேசவில்லை. மூன்றாம் நாள் சோற்றைப் பிசைந்தபடி, என்னை ஒரு வார்த்தை கேட்டாயா என்றான். அதோடு சரி.

முந்தானையில் முடிந்துகொண்டாள்.

பாய்க்குப் போகவில்லை. ஆண்கள் பக்கமும் போகவில்லை. வாசல் கதவோரம் நின்றாள்.

மதியத்துக்குள் எண்ணி முடித்தார்கள். அலையை மறிக்கும் தூண்டில் வளைவுக்கு முதலிடம். அடுத்தது குடிநீர்த் தொட்டி. மூன்றாவது சாலை, இருநூற்று அறுபத்து நான்கு.

விளக்குக்கு இருநூற்று அறுபது.

அதிகாரி மொத்தத்தைக் கூட்டினார். முகம் சுருங்கியது. மறுபடி கூட்டினார். ஐந்து குறைகிறது, யாரிடமாவது இருந்தால் இப்போதே வைத்துவிடலாம், இன்னும் கையெழுத்தாகவில்லை என்றார்.

கூடம் முழுக்கத் தரையில் தேடியது. பாயைக்கூடத் தூக்கி உதறினார்கள். நாகவல்லி எழுந்து நின்றாள். மறுபடி பாய் விழுந்ததும் அதே இடத்தை விட்டு உட்கார்ந்தாள்.

பக்கிரிசாமி மட்டும் குனியவில்லை. முந்தானை முடிச்சைப் பார்த்தார்.

நாலு குறைவு. முடிச்சில் ஐந்து. கணக்கை அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

விரல்கள் முடிச்சுக்குப் போயின. ஒரு சுற்று அவிழ்ந்தது.

ஒரு வார்த்தை கேட்டாயா.

இன்னும் இறுக்கி முடிந்தாள்.

அதிகாரிக்குப் பேருந்துக்கு நேரமாகிவிட்டது. குறைகிற ஐந்தைத் தொலைந்தது என்று எழுதிவிடலாமா என்றார்.

பக்கிரிசாமி பேனாவை வாங்கினார். வரி நோட்டில் பாக்கிக்கு எழுதும் சொல்லையே எழுதினார்.

கொடுத்தது 1920.

வந்தது 1915.

காத்தலிங்கம், வரவேண்டியது.