நகத்தளவுத் திமிங்கலம்

கடலிலேயே பெரிய உயிர் திமிங்கலம்தான் என்றொரு தவறான நம்பிக்கை உலகெங்கும் பரவியிருக்கிறது. அதைத் திருத்தும் பெரும்பொறுப்பு என் தலையில் விழுந்திருக்கிறது.

ஒரு சின்ன வீடியோ கேமுக்குள் திமிங்கலமும் நண்டும் வாழ்ந்தன. யாரும் வாங்காவிட்டால் கேமை நிறுத்திவிடுவார்கள். அவற்றின் கடலும் அதோடு போய்விடும். அட்டைப்படம் வரையும் வேலை அங்கிருந்த கணவாய் மீனுக்கு வந்தது, மை அதனிடம்தானே இருக்கிறது.

"தலையிலிருந்து வால்வரை வரையணும். வால்தான் எனக்கு அழகு," என்றது திமிங்கலம்.

"ஆன்லைன் கடையில படம் நகத்தளவுக்குச் சுருங்கிடும் அண்ணே," என்றது கணவாய்.

"நானா சுருங்குவேன்? வரைடா!"

கணவாய் வரைந்தது. கடைக்கு வந்தவர்கள் ஏதோ நெத்திலி என்று நினைத்துக் கடந்துபோனார்கள். கடலின் ஒரு மூலை மங்கத் தொடங்கியது.

"என் கொடுக்கை மட்டும் போடுப்பா. அதுலயும் பாதி போதும்," என்றது நண்டு. "மீதியைப் பார்க்கணும்னா உள்ளே வரட்டும்."

"ஒரு கொடுக்குக்கு இவ்வளவு திமிரா?" என்றது திமிங்கலம்.

"இருக்காதா பின்னே?"

சிவப்புக் கொடுக்கு படத்தை அடைத்துக்கொண்டு நின்றது. கூட்டம் திரண்டு வந்தது. கடல் மீண்டும் வெளிச்சமானது.

உள்ளே வருகிறவர்கள் நண்டின் வளைக்குத் திமிங்கலத்திடம்தான் வழி கேட்கிறார்கள். அது வாலால் திசை காட்டுகிறது.