சரித்திரத்தில் விட்டுப்போன இடம்

“சித்தி, ஏன் நடுவுல விட்டுட்டுப் படிக்கிறீங்க?”

குட்டிமா கேட்ட கேள்வி சித்திக்குச் சுருக்கென்று தைத்தது. அச்சகத்தில் பிழை திருத்துவது அவள் தொழில். ஒரு காற்புள்ளி காணாமல் போனாலும் கண்டுபிடித்துவிடுகிறவளைப் பார்த்து, ஏழு வயதுப் பெண் கேட்கிற கேள்வியா இது?

“ஒரு எழுத்துகூட விடலை கண்ணு. வேணும்னா நீயே பாரு.”

“இல்ல. அம்மா படிச்சா இன்னும் வரும்.” குட்டிமா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அம்மா! இந்த வீட்டில் காலடி வைத்த நாளிலிருந்து இதே பாட்டுத்தான். அம்மா பின்னினால் சடை அவிழாது. அம்மா ஊதினால் காயம் வலிக்காது. செத்துப்போனவளோடு சண்டை போடவும் முடியாது, அவளை ஜெயிக்கவும் முடியாது.

சித்தி படித்துக்காட்டியது அந்தக் காலத்துச் சரித்திரப் புத்தகம். ‘குழந்தைகளே, கேளுங்கள்!’ என்று பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல ராஜாக்களின் கதையைச் சொல்லும். குட்டிமாவுக்கு அதில் மலைக்கோட்டை ராஜாவின் அத்தியாயம் மட்டும் போதும். ‘ராணி காய்ச்சலில் மாண்டாள். ராஜா துக்கத்தை விழுங்கிக்கொண்டு, மகளைத் தாதியிடம் ஒப்படைத்துவிட்டு வடக்கே போருக்குப் புறப்பட்டான்’ என்ற இடம் வந்ததும் அவள் முகம் தொங்கிவிடும்.

மறுநாள் சித்தி புத்தகத்தை அக்குவேறு ஆணிவேறாகப் பார்த்தாள். பக்க எண்கள் ஒழுங்காக ஓடின. கிழிந்த தடமே இல்லை. நூலகத்தில் இருந்த இன்னொரு பிரதியிலும் எழுத்துக்கு எழுத்து அதேதான்.

“அவ படிச்சா நாடகம் பாக்கற மாதிரி இருக்கும்,” என்றார் பஸ் ஓட்டும் கணவர், காக்கிச் சட்டைக்குப் பொத்தான் போட்டபடி. “படுத்த படுக்கையா ஆனப்புறம்கூட விடலையே. அந்த ஒரு அத்தியாயத்தையேதான் திரும்பத் திரும்ப...” மனைவியின் முகத்தைப் பார்த்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

சித்தி பாத்திரங்களை ‘டங்’கென்று தொட்டியில் போட்டாள். கெட்டிக்காரிதான்! போகும்போதுகூடக் குழந்தையைத் தன் பேருக்கே பட்டா போட்டுக்கொண்டு போயிருக்கிறாள். துணி துவைப்பதும் பாத்திரம் தேய்ப்பதும்தான் நமக்கு மிச்சம்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மறுபடியும் அதே அத்தியாயம். ராணி மாண்டாள், ராஜா புறப்பட்டான், குட்டிமா பெருமூச்சு விட்டாள். சித்தி, ‘கடவுளே, பொறுமையைக் கொடு’ என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டு புத்தகத்தை மூடினாள்.

“சரி, நான் விட்டுடறேன்னே வெச்சுக்கோ. அம்மா எப்படிப் படிப்பாங்க? சொல்லு, கேக்கறேன்.”

“திட்ட மாட்டீங்களே?”

“மாட்டேன்.”

குட்டிமா மெல்ல நகர்ந்து வந்து, சித்தியின் மடியில் தலைவைத்துக்கொண்டாள். “ராணி செத்துப்போனதும் அம்மா புத்தகத்தை நெஞ்சு மேல கவுத்து வெச்சுக்குவாங்க. மிச்சத்தைக் கண்ணை மூடிக்கிட்டுத்தான் படிப்பாங்க.”

“கண்ணை மூடிக்கிட்டா?”

“ஆமா. இளவரசி அழுதுக்கிட்டே இருப்பாளா, அப்புறம் ஒருநாள் கோட்டைக்குப் புது ராணி வருவாங்க. அவங்களுக்கு முதல்ல ஒண்ணுமே தெரியாது. சடை கோணலாப் போடுவாங்க. இளவரசி மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்குவா. ஆனா அவங்க ரொம்ப நல்லவங்களாம். இளவரசிதான் கொஞ்சம் பொறுத்துக்கணுமாம்.” குட்டிமா நீளமாக ஒரு கொட்டாவி விட்டாள். “அந்த ராணியைத்தான் நீங்க ஒவ்வொரு தடவையும் விட்டுடறீங்க.”

மடியில் இருந்த தலை கொஞ்சம் கொஞ்சமாகக் கனத்தது, குழந்தை தூங்கிவிட்டாள்.

வீட்டில் வேறு யாரும் இல்லை. பிறர் எழுத்தில் ஒரு புள்ளியைக்கூடக் கூட்டிக் குறைத்து அறியாதவள், புத்தகத்தை மறுபடி திறந்தாள். ராணி மாண்ட இடத்தில் விரலை வைத்து, அச்சில் இல்லாத ஒரு வரியைத் வாய்விட்டுப் படித்தாள்:

“புது ராணியைக் கோட்டைக்கு அழைத்து வந்தது ராஜா இல்லை; பழைய ராணிதான்.”