இவர் விடமாட்டார்

செபஸ்ரியன் அங்கிளை நேருக்கு நேர் நாலு கேள்வி கேட்டுவிடுவது என்று முடிவுகட்டிக்கொண்டுதான் மாலினி அவர் வீடு இருக்கிற ஹில்ஸ்பரோவுக்குக் காரை விட்டாள்.

பின்னே? அவருடைய மனைவி பேர்ணடெட் ஆண்ட்டிக்கு ஆஸ்திரேலியாவிலிருந்து அழைப்பு வந்திருக்கிறது. ஊர் பேர் இல்லாத பாலைவனத்தின் நடுவில் கூடாரம் அடித்து மூன்று நாள் கலைவிழா. எங்கெங்கிருந்தோ பாடுகிறவர்கள் வருகிறார்கள். இரண்டு பேருக்கு விமானச் சீட்டும் விழாக்காரர்களே தருகிறார்கள்.

பெரிய வெள்ளிக்கிழமைகளில் கோயிலில் ஆண்ட்டி ஒப்பாரி பாடுவாள். இறந்த மகனை மடியில் கிடத்திக்கொண்டு மாதா அழுகிற ஒப்பாரி. அதைக் கசெட்டில் பதிந்து விழாவுக்கு அனுப்பிவைத்தவளே மாலினிதான். மலேசியாக்காரி, பக்கத்து மனுகாவில் ஒரு கலை அலுவலகத்தில் வேலை. தமிழ்க் குரல் ஒன்று அங்கே ஒலிக்கப்போகிறது என்று ஒரு வாரம் அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

கடைசியில் ஆண்ட்டி சொன்ன பதில் ஒன்றே ஒன்று.

"இவர் விடமாட்டார் பிள்ளை."

இன்று வெள்ளிக்கிழமை. ஐந்து மணிக்குள் சம்மதம் என்று ஃபாக்ஸ் போகாவிட்டால் அந்த இடம் வேறொருவருக்கு.

அங்கிள் அடுப்படியில் மீன்குழம்பைக் கிண்டிக்கொண்டிருந்தார். ஆண்ட்டி மேசையில் குனிந்தபடி பயற்றங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"வா பிள்ளை, இரு. தேத்தண்ணி குடிக்கிறியோ?"

"தேத்தண்ணி அப்புறம் அங்கிள். ஆண்ட்டியை ஏன் விடமாட்டேங்கிறீங்க?"

அங்கிள் ஒரு சொட்டுக் குழம்பை உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்தார்.

"பாலைவனத்திலை என்ன கிடக்கு? மணல். மணல் பாக்கவேணுமெண்டால் மிஷன் பே கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போறன். ஐஸ்கிறீமும் வாங்கிக் குடுப்பன்."

"விளையாடாதீங்க. இந்த மாதிரி சான்ஸ் யாருக்குக் கிடைக்கும்?"

"போனால் எனக்கு ஆர் சமைச்சுப் போடுறது?"

"இப்ப யாரு சமைக்கிறாங்களாம்?"

"இண்டைக்கு ஒரு நாள்தானே." தலையைத் திருப்பாமலே சொல்லிவிட்டு இன்னும் கொஞ்சம் உப்பை அள்ளிப் போட்டார்.

"விடு பிள்ளை," என்றாள் ஆண்ட்டி. "அவர் சொன்னால் சொன்னதுதான்."

மாலினிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அங்கிள், கோவிக்காதீங்க. விழா நடத்தற ஹெலன் உங்களைப் பத்தி என்ன சொன்னா தெரியுமா? இந்தத் தொண்ணூத்தாறாம் வருஷத்துலயும் இப்படி ஒரு புருஷனா, மியூசியத்துல வைக்கணும்னா."

"வைக்கட்டும். அங்கை ஹீற்றர் போட்டிருப்பாங்கள். இஞ்சை குளிருது."

"சிரிக்காதீங்க. உங்க கோயில்லயும் அதே பேச்சுதான். பெண்டாட்டிக்குப் பேர் வர்றது உங்களுக்குப் பொறுக்கலையாம். அங்க வர்ற ரேச்சலே எங்கிட்ட சொன்னாங்க."

"ரேச்சலோ? அவ சொன்னால் விசாரிச்சுத்தான் சொல்லுவா."

இந்த மனிதரிடம் பேசிப் பயனில்லை. மாலினி எழுந்து சுவரிலிருந்த போனை எடுத்தாள்.

"ஆண்ட்டி, ஹெலனுக்குப் போடறேன். நீங்களே வாயைத் திறந்து வரேன்னு சொல்லுங்க. சாப்பாடுதானே பிரச்சினை? அங்கிளுக்கு வேளாவேளைக்கு நான் கொண்டாந்து தரேன்."

எண்ணைச் சுழற்றத் தொடங்கினாள். பயற்றங்காய் நறுக்கிய கத்தி நின்றுவிட்டது. திரும்பிப் பார்த்தால், ஆண்ட்டியின் முகத்தில் இரத்தமே இல்லை. அவள் பார்த்தது மாலினியை அல்ல, அங்கிளை.

"இஞ்சாருங்கோ," என்றாள், கேட்டும் கேட்காமலும்.

அங்கிள் அடுப்பை அணைத்துவிட்டு வந்தார். போனை மாலினியின் கையிலிருந்து மெல்ல வாங்கி வைத்தார்.

"நான் விடமாட்டன் பிள்ளை. அவ்வளவுதான்."

"நீங்களெல்லாம் ஒரு மனுஷனா அங்கிள்?"

சொன்ன பிறகுதான் அது எவ்வளவு பெரிய சொல் என்று மாலினிக்கே உறைத்தது.

"அவரைப் பேசாதை மாலினி," என்றாள் ஆண்ட்டி. "போகமாட்டன் எண்டது நான்."

"நீங்களா?"

"கோயிலிலை நான் பாடி முடிச்சால் ஒருத்தரும் அசையமாட்டினம். கொஞ்ச நேரம் அப்பிடியே இருந்திட்டு, கண்ணைத் துடைச்சுக்கொண்டு எழும்பிப் போவினம். அங்கை கைதட்டுவினம்." கத்தியைக் கீழே வைத்தாள். "பிள்ளையைப் பறிகுடுத்த தாய் அழுது முடிக்க, முன்னாலை இருந்து கைதட்டுறது... எனக்கு ஏலாது பிள்ளை."

மாலினி மேசையருகே வந்தாள்.

"இதை அன்னிக்கே எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே."

"நீ எவ்வளவு ஆசையோடை கசெட்டை அனுப்பினனி. அந்த ஹெலனும் நல்ல பிள்ளை. முகத்துக்கு நேரை வேண்டாமெண்டு எப்பிடிச் சொல்லுறது? நாங்கள் பொம்பிளையள் அப்பிடிச் சொல்லிப் பழகேல்லை. இவர் விடமாட்டார் எண்டால் ஒருத்தருக்கும் மனம் நோகாது."

"அங்கிளுக்கு?"

ஆண்ட்டி முந்தானையால் கண்ணை ஒற்றிக்கொண்டே சிரித்தாள்.

"இவருக்குத்தான் அங்கை போகக் கொள்ளை ஆசை. அழைப்பு வந்த அண்டைக்கே சூட்கேசை இறக்கித் தூசி தட்டி வைச்சவர். நான் ஏலாதெண்டன். ஒரு கேள்வி கேக்கேல்லை, திரும்பத் தூக்கி மேலை வைச்சிட்டார்."

மாலினி அங்கிளை நிமிர்ந்து பார்க்க முடியாமல் நின்றாள். அவர் மறுபடி அடுப்பைப் போட்டு, அகப்பையைக் கையில் எடுத்தார்.

"நாலரையாச்சுது பிள்ளை, ஃபாக்ஸை அனுப்பு. புருஷன் சரியான கல்நெஞ்சன் எண்டு வடிவா எழுது. அரைகுறையா எழுதினியெண்டால், அந்த ஹெலன் மனுசி பிறகு இவளையெல்லோ குறை நினைக்கும்."