அவளே நடந்து வந்தாள்

மேடையில் விருது வாங்கிய மறுநாளே, அதைத் திருட்டுச் சாமான் மாதிரி துணிப்பையில் சுற்றி எடுத்துக்கொண்டு தொடர்கதைக்காரர் மூன்று மாடி ஏறினார்.

எழுபத்து நாலு வயது. மாடிக்கு ஒரு தடவை நின்று மூச்சு வாங்கினார்.

கதவைத் திறந்தவருக்கு ஆள் பிடிபட அரை நிமிஷம் ஆயிற்று. அந்தக் கால வாரப் பத்திரிகை ஒன்றில் பிழை திருத்தும் மேசையில் உட்கார்ந்திருந்தவர். ஆபீஸில் எல்லாருக்கும் அவர் 'புரூஃப் அம்மா'.

"சார்! நீங்களா? ஒரு போன் பண்ணியிருந்தா நானே வந்திருப்பேனே!"

"நான்தான் வரணும். முப்பத்தஞ்சு வருஷம் வராம இருந்ததே தப்பு."

உட்கார்ந்ததும் பையைப் பிரித்து, கேடயத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். 'கதைகளில் பெண்ணை நிமிர்ந்து நிற்க வைத்தவர்' என்று அதில் பொறித்திருந்தது.

"இது உங்களுக்குச் சேர வேண்டியதும்மா."

"எனக்கா? என்ன சார் சொல்றீங்க?"

"தெரியாத மாதிரி கேட்காதீங்க. அந்தத் தொடர்ல நான் எழுதிக் கொடுத்தது என்ன, அச்சுல வந்தது என்ன?"

அவர் எழுதிக் கொடுத்தது எப்போதும் ஒரே மாதிரிதான். டெலிபோன் ஆபரேட்டராக வேலை பார்க்கும் கதாநாயகி வாரம் தவறாமல் எதிலாவது மாட்டிக்கொள்வாள். ஒரு வாரம் பூட்டிய கிடங்கு. ஒரு வாரம் வெள்ளம். "காப்பாத்துங்க!" என்று ஓர் அலறல், அப்புறம் மயக்கம். கதாநாயகன் ஓடி வந்து, அவளைப் பூ மாதிரி தூக்கிக்கொண்டு போவான்.

அப்போது எல்லாரும் அப்படித்தான் எழுதினார்கள். அவருக்கும் அதில் ஒரு குறையும் தெரியவில்லை.

ஆறாவது வாரம் அவள் இருந்த கட்டடத்துக்குத் தீ வைத்தார். பஸ் ஸ்டாப்பில் நின்றபடி புது இதழைப் புரட்டியவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. அலறலைக் காணோம். மயக்கத்தையும் காணோம். 'கதவை இடித்துத் திறந்தாள். இருமிக்கொண்டே படியிறங்கி அவளே நடந்து வந்தாள்' என்று இருந்தது. கதாநாயகன், பாவம், வாளித் தண்ணீரோடு வாசலில் நின்றுகொண்டிருந்தான்.

எப்படியோ அவள் வெளியே வந்துவிட்டாள். அடுத்த வாரக் கதைக்கு அதனால் ஒரு பாதகமும் இல்லை. ஆனால் எழுதியவருக்கு ரத்தம் கொதித்தது.

"உங்க சீட்டைக் கிழிக்கணும்னுதான் அன்னிக்கு ஆபீஸுக்கு வந்தேன்" என்றார். "மெஷின் ஓடற சத்தத்துல படிக்கட்டே அதிரும், ஞாபகம் இருக்கா? அந்த மை வாசனை வேற. மேல வந்தா, ஆசிரியர் எழுந்து வந்து என்னைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டார். மேசை நிறையக் கடிதம். பூரா பொம்பளைங்க எழுதினது."

"ஞாபகம் இருக்கு சார். கட்டுக் கட்டா வந்துது."

"ஒரு டைப்பிஸ்ட் பொண்ணு எழுதியிருந்தா. 'மேனேஜர் கதவைச் சாத்தினார். வழக்கமா அழுவேன். இந்தத் தடவை நானே திறந்துக்கிட்டு வெளியே வந்துட்டேன்'னு. அதைப் படிச்சதும் வந்த விஷயத்தை நான் எடுக்கவே இல்லை. 'எப்படிய்யா உனக்கு இப்படித் தோணுச்சு?'ன்னார் ஆசிரியர். 'தோணுச்சு'ன்னுட்டேன்."

புரூஃப் அம்மா கேடயத்தில் பொறித்திருந்ததைப் படித்துப் பார்த்தார்.

"அதுக்கப்புறம் வாரா வாரம் நான் மயங்க வைப்பேன், அச்சுல அவ எழுந்து நடப்பா. உங்களை ஒரு வார்த்தை கேட்கல. கேட்டா எங்கே நிறுத்திடுவீங்களோன்னு பயம். அடுத்த கதையில இருந்து நானே அப்படி எழுதப் பழகிட்டேன். பேரெல்லாம் எனக்கு வந்துது." கேடயத்தை அந்த அம்மா பக்கம் நகர்த்தினார். "அந்த ஆபீஸ்ல இருந்த ஒரே பொம்பளை நீங்க. உங்களைத் தவிர யாருக்கு அப்படித் தோணியிருக்கும்?"

"சார்... அது நான் இல்லை."

"அடக்கமெல்லாம் போதும்மா."

"சத்தியமா இல்லை சார். உங்க கையெழுத்தைப் பக்கத்துல வெச்சுக்கிட்டு, 'மயங்கி விழுந்தாள்'னு ஒழுங்காத்தான் நான் திருத்தி அனுப்பினேன். அதுதானே என் வேலை? மூணு தடவை திருத்தினேன். மூணு தடவையும் அவர் மாத்தவே இல்லை. சண்டைகூடப் போட்டேன்."

"எவர்?"

"எழுத்துக் கோக்கறவர் சார். ஈய எழுத்தைப் பொறுக்கிப் பொறுக்கி அடுக்குவாரே. பெரிய மீசை."

அவருக்கு நினைவு வந்தது. மை ஏறிய விரல்கள். நல்லா இருக்கீங்களா என்று கேட்டால்கூட உறுமல்தான் பதிலாக வரும்.

"அந்த முரடனா? அவனுக்கு என்னம்மா வந்தது?"

"ஆசிரியர்கிட்டச் சொல்லிடுவேன்னு நானும் மிரட்டினேன். அப்பத்தான் வாயைத் திறந்தார். அதைக் கேட்டதும் என் சிவப்புப் பேனாவை மூடி வெச்சுட்டேன் சார். அப்புறம் அவர் என்ன கோத்தாலும் கண்டுக்கல."

"அப்படி என்ன சொன்னான்?"

"அவருக்கு ஒரே பொண்ணு. பத்து வயசு. பிறந்ததுல இருந்தே நடக்க வராது. ஸ்கூலுக்கும் ஆஸ்பத்திரிக்கும் அவர்தான் தோள்ல போட்டுத் தூக்கிட்டுப் போவார். ஞாயித்துக்கிழமை ஆனா உங்க கதையை அவளுக்குப் படிச்சுக் காட்டணும். அஞ்சாவது வாரம் படிச்சு முடிச்சதும் அது கேட்டுச்சாம் சார்..."

புரூஃப் அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"'அந்த அக்காவுக்குக் கால் நல்லாத்தானேப்பா இருக்கு? அவங்களை எதுக்குப்பா தூக்கிட்டு வர்றாங்க?'"