சீலன்ட் காயட்டும்

பட்டறையில் அண்ணன் கையில் கிடைத்த பசையை அப்பி மூடிய டிராக்டர் கியர்பாக்ஸ் இரண்டு முறை ஒழுகியது. இரண்டு முறையும் டிராக்டர்காரர் கோபப்படாமல், தலைவாரிக்கொண்டு வந்து நின்றார்.

இந்த முறை தங்கை வேலையைப் பிடுங்கிக்கொண்டாள். எண்ணெய் தாங்கும் சீலன்ட்டாகப் பார்த்து வாங்கினாள். பழைய பசையைச் சுரண்டி, பிசுக்குப் போகத் துடைத்து, நூல் பிடித்தாற்போல் தடவி மூடினாள்.

"ஆயிலை ஊத்தி அனுப்பும்மா," என்றான் அண்ணன்.

"காயணும். நாளைக்குத்தான்."

"இங்க முதலாளி நானா, நீயா?"

"நீயே இருந்துக்கோ. ஆயில் கேனைத் தரமாட்டேன்."

"அவர் வண்டின்னா இவ்வளவு அக்கறையா? தெருவே பேசுது."

தெரு பேசியது உண்மைதான். எங்களுக்கு வேறென்ன வேலை?

"பேசட்டும். அந்த டிராக்டர்காரன்கிட்ட விவாகரத்து வாங்க கோர்ட்டுக்கு நடையா நடந்தவ நான். ஒழுகுதுன்னு சாக்கு சொல்லிட்டு அவன் இனிமே இந்த வாசலை மிதிக்கக்கூடாது."