அழுக்குக்குப் பஞ்சமில்லை

தனக்கு வியாபார ராசியே இல்லை என்று முடிவுகட்டி, சலவைக் கடையை விலை பேசிக்கொண்டிருந்தார் கடைக்காரர்.

"ஓடாத கடையை என் தலையில கட்டப் பாக்குறீங்களாண்ணே?" என்று சீண்டினார் வாங்க வந்தவர்.

"ஓடலன்னு யாருப்பா சொன்னது? எதிர்ல ஆஸ்பத்திரி, பின்னால லாட்ஜ். உலகத்துல அழுக்குக்குப் பஞ்சம் வருமா? கண்ணை மூடிக்கிட்டுக் கல்லாவுல உக்காரலாம்!"

"அப்புறம் ஏன் விக்கிறீங்க?"

கடைக்காரர் கடையை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். ஓடிக்கொண்டிருந்த மெஷினை மெல்லத் தட்டிக்கொடுத்தார்.

"விக்கல. நடையைக் கட்டு!"

தெருமுனை தாண்டியதும் வந்தவர் போன் போட்டார். "அக்கா, நீங்க சொல்லிக்குடுத்த மாதிரியே கடையை மட்டம் தட்டினேன். உங்க வீட்டுக்காரருக்கு ரோஷம் வந்துடுச்சு. விக்கமாட்டாராம்."

"அப்பாடா! நீ நல்லா இருப்பே தம்பி."

"ஆனா ஒண்ணுக்கா... அவர் பேச்சைக் கேட்டு, அதே தொழில்ல இறங்க எனக்கும் தைரியம் வந்துடுச்சு. பக்கத்துக் கடை காலியா இருந்துச்சு. வர்ற வழியிலேயே அட்வான்ஸ் குடுத்துட்டேன்!"